பத்திரம் முதல் செக் வரை: தனிநபர்களுக்குக் கல்வி, மருத்துவ உதவி கொடுக்கச் சட்டப்படி ஓர் அமைப்பை உருவாக்குவது எப்படி?

எங்கள் கதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் தொடங்கியது. பள்ளியில் ஒன்றாகப் படித்த எட்டுப் பேர் ஆளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போட்டு, ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேருக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவது என்று முடிவு செய்தோம். பணம் எங்களில் ஒருவனின் சேமிப்புக் கணக்கில் சேர்ந்தது. அவன் கை சுத்தம், ஒரு ரூபாய் பிசகவில்லை. ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யப் போனபோது ஆடிட்டர் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிவிட்டு, "மாதா மாதம் ஏழு பேர் உங்களுக்குப் பணம் போட்டிருக்கிறார்களே, மொத்தம் 84,000. இது என்ன வருமானம்?" என்று கேட்டார்.

உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமல்ல, முழுத் தொகையுமே வாங்கியவரின் வருமானம். "அது என் பணம் இல்லை, பிள்ளைகளுக்குப் போனது" என்று சொல்லலாம். நிரூபிக்க வேண்டிய சுமை நண்பனுடையது. அவன் கையில் இருந்தவை நான்கு கல்லூரி ரசீதுகளும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்தான். அந்த வாரமே டிரஸ்ட் தொடங்குவது என்று முடிவானது. அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே வரிசையாக எழுதுகிறேன். இது இந்தியச் சட்டத்தை, அதிலும் தமிழ்நாட்டு நடைமுறையை ஒட்டியது.

முதலில் ஒரு குறிப்பு. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஆனால் ஆடிட்டர்களும் டிரஸ்ட் நடத்துபவர்களும் இன்றும் 12ஏ (டிரஸ்ட்டின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் பதிவு) என்றுதான் பேசுகிறார்கள். நானும் அந்தப் பழைய எண்களிலேயே எழுதுகிறேன். படிவம் நிரப்பும் நாளில் புதிய எண்ணையும், அப்போது நடப்பில் இருக்கும் தொகை வரம்பையும் தேதியையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: அமைப்பு தேவையா என்று பாருங்கள்

ஆண்டுக்கு ஒரு பிள்ளைக்குக் கட்டணம் கட்டுவதுதான் உங்கள் ஆசை என்றால் எதையும் பதிவு செய்ய வேண்டாம். உங்கள் சொந்தப் பணத்தை நேராகக் கல்லூரிக்குக் கட்டிவிட்டு ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வரிச்சலுகை கிடைக்காது, அவ்வளவுதான். தொந்தரவு எப்போது தொடங்குகிறது என்றால், மற்றவர்களின் பணம் உங்கள் கணக்குக்குள் வரும்போது.

இன்னொரு வழியும் உண்டு. பலர் இதை யோசிப்பதே இல்லை. ஒரு பல்கலைக்கழகத்திலோ கல்லூரியிலோ உங்கள் பெற்றோர் பெயரில் ஒரு நிதியை வைக்கலாம். அசல் வைப்பில் இருக்கும், வட்டியில் ஆண்டுதோறும் பரிசோ உதவித்தொகையோ போகும். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் பலவும் இப்படி வைத்த நிதியில்தான் நடக்கின்றன. தேர்வு, கணக்கு, தணிக்கை எல்லாம் அவர்கள் பொறுப்பு. விதிகளை மட்டும் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டி குறைந்தால் என்ன செய்வது, அந்தப் பாடப்பிரிவையே மூடிவிட்டால் பணம் எந்தப் பிரிவுக்குப் போகும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

உயில் எழுதி வைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சையப்ப முதலியார் 1794இல் உயில் எழுதிவிட்டு இறந்தார். அந்தப் பணம் வழக்குகளில் சிக்கி, 1842இல்தான் சென்னையில் பள்ளியாக உருவெடுத்தது. இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள். "என் சொத்தைத் தர்மத்துக்குக் கொடுக்கிறேன்" என்ற ஒரு வரி போதாது. யார் நிறைவேற்ற வேண்டும், எந்த அமைப்புக்குப் போக வேண்டும், அந்த அமைப்பு இல்லாமல் போனால் அடுத்தது எது என்பதையும் எழுத வேண்டும். முடிந்தால் உயிரோடு இருக்கும்போதே டிரஸ்ட்டைத் தொடங்கி, உயிலில் அதற்குச் சொத்து சேரும்படி செய்யுங்கள்.

இரண்டாம் படி: டிரஸ்ட்டா, சங்கமா, கம்பெனியா?

மூன்று வாசல்கள் இருக்கின்றன. மூன்றிலும் நுழைந்து 12ஏ, 80ஜி வாங்கலாம். வரிச் சட்டம் மூன்றையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடத்துகிறது. வித்தியாசம் நிர்வாகத்தில்தான்.

பொது அறக்கட்டளை, அதாவது டிரஸ்ட், எளிதானது. பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தால் முடிந்தது. குறைந்தது இரண்டு டிரஸ்டிகள் இருந்தால் நடத்தலாம். ஆனால் மூன்றோ ஐந்தோ வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டெடுப்பில் முடிவு வர வேண்டும். பலர் 1882ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைச் சட்டத்தின்படி பதிவு செய்ததாகச் சொல்வார்கள். அந்தச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. பொது அறக்கட்டளைகளை அதன் முதல் பிரிவே விலக்கி வைக்கிறது. மகாராஷ்டிராவில் இருப்பது போல டிரஸ்ட்டுகளைக் கண்காணிக்கத் தனி ஆணையர் அலுவலகம் இங்கே கிடையாது. இது வசதிதான், ஆனால் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. டிரஸ்டிகள் தவறினால், டிரஸ்ட்டில் அக்கறை உள்ள இரண்டு பேராவது நீதிமன்ற அனுமதி வாங்கி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவின்படி வழக்குப் போட வேண்டியிருக்கும்.

சங்கம் என்பது 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருவது. ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளரிடம் பதிவு, ஆண்டுப் பொதுக்குழு, தேர்தல், ஆண்டுக் கணக்கு தாக்கல். முன்னாள் மாணவர் கூட்டம் போல உறுப்பினர்கள் வந்து போகும் அமைப்புக்கு இது பொருத்தம். தேர்தலில் கோஷ்டி உருவாகி உதவித்தொகையே நின்றுபோன சங்கங்களையும் பார்த்திருக்கிறேன்.

செக்ஷன் 8 கம்பெனி 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வருவது. இரண்டு பேர் இருந்தால் தொடங்கலாம். லாபத்தைப் பங்கு பிரிக்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் கம்பெனிப் பதிவாளரிடம் கணக்கையும் ஆண்டறிக்கையையும் தாக்கல் செய்ய வேண்டும், தவறினால் அபராதம். பெரிய நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தை வாங்கி, சம்பளத்துக்கு ஆள் வைத்து, பல மாவட்டங்களில் நடத்தப் போகிறீர்கள் என்றால் இதைத் தேர்ந்தெடுங்கள். ஆண்டுக்கு ஐந்து லட்சம் கொடுக்கும் நண்பர் வட்டத்துக்கு இது தலைக்கு மேல் சுமை.

எட்டுப் பேரான நாங்கள் டிரஸ்ட்டையே எடுத்தோம். ஐந்து பேர் டிரஸ்டிகள், மூன்று பேர் நன்கொடையாளர்கள் மட்டும்.

மூன்றாம் படி: பத்திரம். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

பத்திர எழுத்தரிடம் ஒரு மாதிரி இருக்கும். பள்ளி நடத்துவது, முதியோர் இல்லம், கோசாலை, மரம் நடுவது என்று நோக்கங்கள் முப்பது இருக்கும். அதை அப்படியே வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தனிநபர்களுக்குப் பணம் கொடுக்கும் டிரஸ்ட்டின் பத்திரத்தில் சில வரிகள் கல்வெட்டு மாதிரி நிற்க வேண்டும்.

முதலாவது, பயனாளி யார் என்பது. முழு விஷயத்தின் அச்சாணி இதுதான். "என் அண்ணன் மகன் படிப்புக்காக" என்று பத்திரத்தில் எழுதினால் அது தனியார் அறக்கட்டளை. பாசம் உண்மையாக இருக்கலாம், வறுமையும் உண்மையாக இருக்கலாம், ஆனால் சட்டத்தின் கண்ணில் அது தர்மம் அல்ல. தர்மம் என்றால் பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பகுதியினருக்கோ போக வேண்டும். கொடுப்பவர் தகுதியைத்தான் சொல்லலாம், ஆளைச் சொல்லக் கூடாது. இதை மனதார ஏற்றுக்கொண்டால் மற்ற விதிகள் எல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

எங்கள் பத்திரத்தின் வரி இது: "சாதி, மத, பாலின வேறுபாடு இன்றி, தமிழ்நாட்டில் வசிக்கும் வறிய குடும்பங்களைச் சேர்ந்த மாணவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிச் செலவு, புத்தகம், பயணச் செலவு ஆகியவற்றுக்கு உதவித்தொகை வழங்குதல்; வறியவர்களுக்கு மருத்துவச் செலவுக்கு உதவுதல்." கல்வி, மருத்துவ உதவி, வறியோர் நலன் ஆகிய மூன்றும் வரிச் சட்டத்தின் தர்ம காரியப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கின்றன. மூன்றையும் சேர்த்து எழுதியதில் ஒரு காரணம் இருக்கிறது. கல்வி என்ற சொல்லுக்கு உச்ச நீதிமன்றம் குறுகலான பொருளே தந்திருக்கிறது, முறையான பள்ளி, கல்லூரிக் கல்வியைத்தான் அது குறிக்கும். தட்டச்சுப் பயிற்சிக்கோ ஓட்டுநர் உரிமத்துக்கோ பணம் கொடுக்க நேர்ந்தால் வறியோர் நலன் என்ற நோக்கம் கைகொடுக்கும்.

"சாதி, மத வேறுபாடு இன்றி" என்ற சொற்களை யாரும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். நம் ஊரில் உதவித்தொகை என்றாலே பாதிக்கு மேல் சமுதாயச் சங்கங்கள்தான். ஒரு குறிப்பிட்ட சாதியினருக்கான அறமும் பொதுமக்களில் ஒரு பகுதிக்கான அறமே என்று அகமதாபாத் ராணா சாதிச் சங்கம் வழக்கில் 1971இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது 1961க்கு முந்தைய சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் கதவை மூடிவிட்டது. 1962 ஏப்ரல் 1க்குப் பிறகு தொடங்கிய தர்ம டிரஸ்ட் ஒரு சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று இருந்தால் வரிவிலக்கு கிடையாது, 80ஜியும் கிடையாது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கென்றே வைத்தால் மட்டும் இந்தத் தடை இல்லை. "எங்கள் சமுதாயப் பெண் பிள்ளைகளுக்கு" என்று ஆசைப்படுபவர்கள் "வறிய குடும்பப் பெண் பிள்ளைகளுக்கு" என்று எழுதுங்கள். மனசும் கொஞ்சம் விரியும்.

இரண்டாவது, திரும்பப் பெற முடியாது என்ற வரி. டிரஸ்ட்டுக்குக் கொடுத்ததை மீண்டும் எடுத்துக்கொள்ள வழி வைத்தால், அதன் வருமானம் கொடுத்தவரின் வருமானமாகவே கணக்கிடப்படும்.

மூன்றாவது, கலைக்கும் விதி. டிரஸ்ட்டை மூட நேர்ந்தால் மீதி இருப்பது இதே நோக்கம் கொண்ட, 12ஏ பதிவு உள்ள வேறொரு டிரஸ்ட்டுக்குப் போக வேண்டும். டிரஸ்டிகள் பங்கு போட்டுக்கொள்ள முடியாது.

நான்காவது, டிரஸ்டியின் உறவினர் விண்ணப்பித்தால் என்ன செய்வது என்பது. பெரும்பாலான மாதிரிப் பத்திரங்களில் இது இருக்காது. வரிச் சட்டத்தின் 13(3) பிரிவு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: டிரஸ்ட்டை ஏற்படுத்தியவர், டிரஸ்டிகள், நிர்வாகி, பெரிய தொகை கொடுத்தவர்கள், அத்தோடு முதல் மூன்று தரப்பினரின் உறவினர்கள். மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், அவர்களின் பிள்ளைகள், மனைவி அல்லது கணவரின் உடன்பிறந்தோர் எல்லாரும் உறவினர் என்ற சொல்லுக்குள் அடக்கம். இவர்களில் ஒருவருக்கு டிரஸ்ட் பணம் போனால் அந்தத் தொகைக்கு 30% வரி. போதாததற்கு, முதல் முறை பிடிபட்டால் கொடுத்த அளவுக்கே அபராதம், மறுபடி நடந்தால் இரண்டு மடங்கு.

எனக்குத் தெரிந்த ஒரு டிரஸ்ட்டில் இது நடந்தது. டிரஸ்டி ஒருவரின் தங்கை மகளுக்குப் பொறியியல் படிக்க 40,000 ரூபாய். அந்தப் பெண்ணின் அப்பா ஆட்டோ ஓட்டுபவர், வீட்டில் உண்மையிலேயே கஷ்டம். எல்லா டிரஸ்டிகளும் சேர்ந்துதான் தீர்மானம் போட்டார்கள், யாரும் மறைக்கவில்லை. ஆடிட்டர் மினிட்ஸ் புத்தகத்தைப் படிக்கும்போது "தங்கை மகள்" என்ற சொல்லில் விரல் வைத்து நிறுத்தினார். அந்தத் தொகையை அந்த டிரஸ்டியே வட்டியோடு டிரஸ்ட்டுக்குத் திருப்பிக் கட்டினார். அந்த வீட்டுக்கு உதவியிருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் தன் சொந்தப் பணத்தில் உதவியிருக்கலாம். டிரஸ்ட் பணம் அவர் பணம் இல்லை, எவ்வளவு நன்கொடை கொடுத்திருந்தாலும் இல்லை. எங்கள் பத்திரத்தில் அந்தப் பட்டியலில் வருபவர்கள் விண்ணப்பிக்கவே கூடாது என்று எழுதிவிட்டோம். அதற்கும் தள்ளிய சொந்தம், நெருங்கிய நண்பர் வீட்டுப் பிள்ளை என்றால் அந்த டிரஸ்டி கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போய்விடுவார், அதையும் மினிட்ஸில் பதிவோம்.

நான்காம் படி: பதிவுகள்

வரிசை இது: பத்திரப் பதிவு, டிரஸ்ட் பெயரில் பான் கார்டு, வங்கிக் கணக்கு, 12ஏ, 80ஜி. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு டிரஸ்ட்டை ஏற்படுத்துபவரும் டிரஸ்டிகளும் சாட்சிகள் இரண்டு பேரும் அடையாள அட்டையோடு போக வேண்டும். நிலமோ கட்டடமோ டிரஸ்ட்டுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் பதிவு கட்டாயம். பணத்தில் தொடங்குகிறவர்களும் பதிவு செய்துவிடுவதே நல்லது, வங்கி கேட்காமல் இருக்காது. வங்கிக் கணக்கில் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று முதல் நாளே தீர்மானம் போடுங்கள்.

12ஏ, 80ஜி இரண்டும் இணையத்தில்தான். புதிய டிரஸ்ட்டுக்குப் படிவம் 10ஏ. முதலில் கிடைப்பது மூன்று ஆண்டுக்கான தற்காலிகப் பதிவு. இங்கே ஒரு குழி இருக்கிறது, நாங்கள் விழப் பார்த்தோம். மூன்று ஆண்டு என்றதும் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆனால் சட்டம் சொல்வது வேறு: செயல்பாடு தொடங்கிய ஆறு மாதத்துக்குள், அல்லது தற்காலிகப் பதிவு முடிவதற்கு ஆறு மாதம் முன்னால், இரண்டில் எது முந்தி வருகிறதோ அதற்குள் நிரந்தரப் பதிவுக்குப் படிவம் 10ஏபி போட வேண்டும். நாங்கள் ஜூன் மாதம் முதல் செக் கொடுத்தோம். டிசம்பர் முதல் வாரத்தில் வேறு ஏதோ வேலையாகப் போனபோது ஆடிட்டர் யதேச்சையாகக் கேட்டார். இரண்டு வாரம் தூக்கம் இல்லாமல் காகிதம் சேர்த்தோம். தவறவிட்டால் பதிவு போவதோடு நிற்காது, சேர்த்து வைத்திருக்கும் நிகரச் சொத்துக்கே உச்ச விகிதத்தில் வரி போட வழி இருக்கிறது. முதல் செக் கொடுக்கும் நாளிலேயே இந்தக் கெடுவை நாட்காட்டியில் சிவப்பில் எழுதுங்கள். நிரந்தரப் பதிவும் ஐந்து ஆண்டுக்குத்தான். ஆண்டு வருமானம் ஐந்து கோடிக்கு உட்பட்ட சிறு டிரஸ்ட்டுகளுக்கு 12ஏ பதிவைப் பத்து ஆண்டு என்று 2025இல் நீட்டித்தார்கள்.

நன்கொடையாளர்களிடம் 80ஜி பற்றி உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கொடுத்த தொகையில் 50% கழிவு, அதிலும் வருமானத்தின் 10% என்ற உச்சவரம்பு உண்டு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எதுவுமே இல்லை. எங்கள் எட்டுப் பேரில் ஐந்து பேருக்கு இப்போது 80ஜியால் ஒரு பைசா பயன் கிடையாது. ஆனாலும் மாதம் தவறாமல் போடுகிறார்கள்.

ஐந்தாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

பணம் எப்படியும் சேர்ந்துவிடும். நியாயமாகக் கொடுப்பதுதான் கஷ்டம்.

விதிகளை விண்ணப்பம் வருவதற்கு முன்னால் எழுதி, தீர்மானமாகப் போட்டுவிடுங்கள். எங்கள் விதிகள் ஒரே பக்கம்தான். குடும்ப ஆண்டு வருமானம் எவ்வளவுக்குள், எந்தப் படிப்பு, ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை பேர், கடைசித் தேதி. மதிப்பெண்ணுக்குக் குறைந்த இடம்தான் கொடுத்தோம். தொண்ணூறு சதவீதம் எடுத்த பிள்ளையை எல்லாரும் தூக்கிவிடுவார்கள். அறுபது சதவீதம் எடுத்து, காலையில் பால் ஊற்றிவிட்டுப் பள்ளிக்குப் போன பையனைத்தான் யாரும் கேட்பதில்லை.

கேட்கும் காகிதங்களைக் குறையுங்கள். தாசில்தார் வருமானச் சான்றிதழ், கல்லூரியின் போனஃபைட் சான்றிதழ், கட்டண விவரம், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம். இவ்வளவு போதும். ஒவ்வொரு கூடுதல் சான்றிதழும் ஒரு தாய்க்கு ஒரு நாள் கூலி.

அரசு ஏற்கெனவே என்ன தருகிறது என்பதையும் விண்ணப்பத்தில் கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீட்டில் தொழிற்கல்விக்குப் போகிறவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்டுவதில் பொருளில்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது பஸ் பாஸும் நல்ல செருப்பும், சில சமயம் ஒரு லேப்டாப்பும்தான். ஒரு மாணவி எங்கள் படிவத்தில் "தேவை" என்ற இடத்தில் "ட்ராஃப்டர், லேப் கோட், ஹாஸ்டல் வாளி" என்று எழுதியிருந்தாள். மொத்தம் 3,000 ரூபாய்கூட வராது. அதைக் கேட்க அவளுக்கு வேறு இடம் இருந்திருக்கவில்லை.

தேர்வுக் குழுவில் டிரஸ்டி அல்லாத ஒருவராவது இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர், கிராம செவிலியர் போன்றவர்கள் பொருத்தமானவர்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எண் கொடுத்து, ஏன் தேர்வானது, ஏன் ஆகவில்லை என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நாளை வரி அதிகாரி கேட்டாலும், தேர்வாகாத பிள்ளையின் அப்பா கேட்டாலும் அந்த ஒரு வரிதான் பதில்.

ஆறாம் படி: பணம் போகும் பாதை

முடிந்தவரை கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ நேராகச் செலுத்துங்கள். மாணவர் மேல் நம்பிக்கை இல்லாததால் இதைச் சொல்லவில்லை, ரசீது டிரஸ்ட் பெயருக்கே வந்துவிடும் என்பதற்காகத்தான். விடுதிச் சாப்பாடு, பயணம் போன்றவற்றுக்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு. ஒரு நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது தர்மச் செலவாகவே கணக்கில் வராது. நாங்கள் நூறு ரூபாய்கூட ரொக்கமாகக் கொடுப்பதில்லை.

வாங்குபவருக்கு வரி உண்டா என்று பிள்ளைகளின் அப்பாக்கள் பயத்தோடு கேட்பார்கள். படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு வரி இல்லை. 12ஏ பதிவு பெற்ற டிரஸ்ட்டிடமிருந்து வரும் மற்ற உதவிக்கும் 50,000 ரூபாய் வரம்பு பொருந்தாது. பதிவு இல்லாத குழு ஒருவருக்கு மருத்துவத்துக்கு ஒரு லட்சம் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு வாங்குபவருக்குக் கிடைக்காது. நாம் பதிவுக்கு அலைவது நம் வரிச்சலுகைக்காக மட்டுமல்ல, வாங்குபவரைக் காப்பதற்கும்தான்.

மருத்துவ உதவியில் நேரம் இருக்காது. அதனால் 25,000 ரூபாய் வரை இரண்டு டிரஸ்டிகள் தொலைபேசியில் பேசி முடிவெடுக்கலாம், அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானம் போட்டிருக்கிறோம். முதல் கேள்வி எப்போதும் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்பதுதான். பலருக்கு இருந்தும் தெரியாது. அந்தச் சிகிச்சை காப்பீட்டில் வராவிட்டால், மருத்துவமனையின் மதிப்பீட்டுக் கடிதத்தை வாங்கி, நோயாளியின் பெயரும் பதிவு எண்ணும் போட்டு, மருத்துவமனை பெயருக்கே செக்.

வட்டியில்லாக் கல்விக் கடன் கொடுக்க விரும்பினால் அதற்கும் இடம் உண்டு. கல்விக்கு உதவுவதை நோக்கமாகக் கொண்ட டிரஸ்ட் கொடுக்கும் கல்விக் கடன், கொடுத்த ஆண்டில் தர்மச் செலவு, திரும்பி வரும் ஆண்டில் வருமானம் என்று 1973இலேயே நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கை எண் 100இல் தெளிவாக்கியிருக்கிறது. நாங்கள் இரண்டு ஆண்டு செய்து பார்த்துவிட்டு விட்டுவிட்டோம். வேலை கிடைக்காத ஒரு பையன் கடனுக்குப் பயந்து எங்கள் போனை எடுப்பதையே நிறுத்தினான். அந்த மௌனம் எங்களுக்கு வேண்டாம் என்று தோன்றியது.

ஏழாம் படி: 85 விழுக்காடும் வருடாந்தரத் தேதிகளும்

ஆண்டு வருமானத்தில் 85% அந்த ஆண்டிலேயே தர்ம காரியத்துக்குச் செலவாக வேண்டும். நான்கு லட்சம் வந்தால் 3,40,000 ரூபாய் செலவு, 60,000 வரை சேமிப்பு. செலவு என்றால் கையை விட்டுப் போன பணம். "இந்தப் பெண்ணுக்கு நான்கு ஆண்டும் கொடுப்போம்" என்று உறுதிக் கடிதம் கொடுத்தால் அந்த நான்கு ஆண்டுப் பணமும் இந்த ஆண்டுச் செலவாகாது. அடுத்த ஆண்டுகளுக்கு ஒதுக்கி வைக்க வேண்டுமானால், நோக்கத்தைச் சொல்லித் தீர்மானம் போட்டுப் படிவம் 10 தாக்கல் செய்தால் ஐந்து ஆண்டு வரை சேர்த்து வைக்கலாம். இதைச் செய்யாமல் நான்கு ஆண்டு வாக்குக் கொடுக்காதீர்கள். மூன்றாம் ஆண்டில் பணம் இல்லை என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது கொடுமை.

நன்கொடையாளர் "இது மூலநிதிக்கு", அதாவது செலவழிக்காமல் அசலாகவே வைத்திருக்கும் நிதிக்கு, என்று எழுதிக் கொடுத்த தொகைக்கு இந்த 85% கணக்கு இல்லை. ஆனால் அதைச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில்தான், அதாவது வங்கி வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு போன்றவற்றில்தான் வைக்க முடியும். நண்பரின் கம்பெனிக்கு வட்டிக்கு விட்டால் விலக்கு போய்விடும்.

தேதிகள்: மே 31க்குள் நன்கொடையாளர் விவரம் தாக்கல், அதிலிருந்துதான் அவர்களுக்கு 80ஜி சான்று வரும். ஆகஸ்ட் 31க்குள் படிவம் 10. செப்டம்பர் 30க்குள் தணிக்கை அறிக்கை. அக்டோபர் 31க்குள் வருமான வரிப் படிவம். கணக்குப் புத்தகம், வவுச்சர், பயனாளி பெயர், முகவரி, எதற்காகக் கொடுத்தது என்ற விவரம் எல்லாவற்றையும் பத்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். உண்டியல் வைத்துப் பெயரில்லாமல் வசூலித்தால், ஒரு லட்சம் அல்லது மொத்த நன்கொடையில் 5%, இரண்டில் எது அதிகமோ அதற்கு மேற்பட்ட தொகைக்கு 30% வரி.

வெளிநாட்டுப் பணம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் ஆட்கள் இந்தியக் குடிமக்களாக இருந்து, தங்கள் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள். அதே மனிதர் கனடா குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) இருந்தாலும், அவர் பணம் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு டாலர்கூட வாங்கக் கூடாது. அந்தப் பதிவுக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அனுபவமும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். சிறிய டிரஸ்ட்டுகள் அன்போடு மறுத்துவிடுவதே பாதுகாப்பு. மறுப்பதற்கு மனசு வராது, தெரியும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பணத்தை அப்படித்தான் திருப்பி அனுப்பினோம். அவள் இப்போது ஊரில் இருக்கும் தன் அம்மாவிடம் சொல்லி, அம்மாவின் ஓய்வூதியத்திலிருந்து மாதம் ஐந்நூறு ரூபாய் போட வைக்கிறாள்.

கொடுக்கும் நாள்

மேடை போடாதீர்கள். பெரிய அட்டைச் செக்கோடு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து முகநூலில் போடுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் அந்தப் பிள்ளையின் கல்லூரித் தோழர்களின் போனுக்கும் போகிறது. எந்தச் சட்டமும் அந்தப் படத்தைக் கேட்கவில்லை. வரித்துறை கேட்பது பெயர், முகவரி, தொகை, காரணம். அதெல்லாம் நம் கோப்பில் இருக்கிறது. ஆண்டறிக்கையில் "விண்ணப்ப எண் 14, செவிலியர் பட்டப்படிப்பு, இரண்டாம் ஆண்டு, 22,000 ரூபாய்" என்று எண்ணை மட்டும் போடுகிறோம்.

தேர்வாகாதவர்களுக்கும் கடிதம் எழுதுகிறோம். காரணம் ஒரு வரி, அவர்கள் விண்ணப்பிக்கக்கூடிய அரசுத் திட்டங்களின் பெயர், அருகில் உள்ள இ-சேவை மையம், அடுத்த ஆண்டு விண்ணப்பம் தொடங்கும் தேதி. போன ஜூனில் அப்படிக் கடிதம் வாங்கிய ஒரு பையன் இந்த ஜூனில் மறுபடி வந்திருக்கிறான், கடிதத்தை மடித்துப் படிவத்தோடு பின் குத்தி. அவன் விண்ணப்ப எண் 3.